அரை இன்ச் பைப்பில் அரை இன்ச் எங்கே? உலகத்துக்கே மரை போட்ட ஜோசப் விட்வொர்த்தின் கதை

வீட்டில் அரை இன்ச் ஜிஐ பைப் இருந்தால், ஒரு ஸ்கேலை எடுத்து அதன் மரை இருக்கும் முனையை அளந்து பாருங்கள். வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் வரும். அரை இன்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர்தானே? உள்விட்டத்தை அளந்தாலும் கணக்கு சரியாக வராது. ஆனாலும் எந்த ஊர் ஹார்டுவேர் கடைக்குப் போய் அரை இன்ச் டேப் கேட்டாலும், கடைக்காரர் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பார். அது மதுரையில் வாங்கின எல்போவிலும் சேரும், மும்பையில் வாங்கின எல்போவிலும் சேரும்.

இப்படிச் சேருவதற்குக் காரணம், அந்த மரையின் பள்ளம் 55 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும், ஒரு இன்ச்சுக்கு 14 மரை வர வேண்டும் என்ற கணக்கு. அந்த 55 டிகிரிக்கு ஒரு ஆள் காரணம். 1887-ல் இறந்துபோன ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர். மெக்கானிக்கல் படித்தவர்களுக்குப் பெயராவது தெரிந்திருக்கும். மற்றவர்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம். ஆனால் தினமும் காலையில் அவர் மரை வழியாகத்தான் பல் தேய்க்கத் தண்ணீர் வருகிறது.

ஒரு போல்ட்டுக்கு ஒரே ஒரு நட்

விட்வொர்த் வாழ்க்கையைப் பார்ப்பதற்கு முன், அவர் பிறந்த காலத்தில் போல்ட்டும் நட்டும் எப்படி இருந்தன என்று தெரிஞ்சுக்கணும்.

அப்போது ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. சில இடங்களில் ஒரே பட்டறைக்குள்ளேயே ஆளுக்கு ஒரு மரை. போல்ட்டும் நட்டும் ஜோடியாகத்தான் செய்யப்படும். அந்த நட் அந்த போல்ட்டுக்கு மட்டும்தான் சேரும். மெஷினைக் கழற்றும்போது எது எதோடு போகணும் என்று அடையாளம் போட்டு வைக்கணும். கலந்துவிட்டால், உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்க வேண்டியதுதான். ஒரு போல்ட் உடைந்தால், அதைச் செய்த பட்டறைக்கே ஆள் அனுப்பணும், இல்லை புதுசாக ஒன்றைக் கையால் செய்துகொள்ளணும்.

நீராவி இன்ஜினும் ரயிலும் நெசவு மெஷினும் ஆயிரக்கணக்கில் ஓட ஆரம்பித்த நாட்டில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு போல்ட்டுக்காக ஒரு இன்ஜின் நாள் கணக்கில் சும்மா நிற்கும்.

பருத்தி மில்லிலிருந்து ஓடிய பையன்

விட்வொர்த் பிறந்தது 1803 டிசம்பர் 21, மான்செஸ்டர் பக்கத்தில் உள்ள ஸ்டாக்போர்ட்டில். அப்பா சார்லஸ் பள்ளி ஆசிரியர், பிறகு பாதிரியார் ஆனவர். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். 14 வயதில் பையனை டெர்பிஷயரில் பருத்தி நூற்பாலை நடத்திய மாமாவிடம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வருங்காலத்தில் மில்லைப் பார்த்துக்கொள்வான் என்பது திட்டம்.

பையனுக்கு நூலில் மனசு போகவில்லை, நூற்கிற மெஷினில் போனது. நாலு வருஷம் கழித்து மில்லை விட்டு மான்செஸ்டருக்கு ஓடி, ஒரு பட்டறையில் சாதாரண மெக்கானிக்காகச் சேர்ந்தார். 1825-ல் ஃபேனி ஆங்கர்ஸைத் திருமணம் செய்துகொண்டு லண்டன் போனார்.

லண்டனில் அவருக்குக் கிடைத்த வேலை, இன்றைக்குச் சொன்னால் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியருக்குக் கனவு கம்பெனி. ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறை. திருத்தமாக மரை வெட்டும் லேத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் மாட்ஸ்லே. தன் பட்டறைக்குள்ளாவது எல்லா மரையும் ஒரே மாதிரி இருக்கணும் என்று பிடிவாதமாக இருந்தவரும் அவரே. பிறகு விட்வொர்த் ஜோசப் கிளெமென்ட்டிடம் வேலை பார்த்தார். சார்லஸ் பாபேஜின் கணக்குப் போடும் இயந்திரத்துக்குப் பாகங்கள் செய்துகொண்டிருந்த பட்டறை அது. கம்ப்யூட்டரின் முன்னோடி என்று நாம் படிக்கும் அதே இயந்திரம்தான். பணத் தகராறில் அந்த வேலை நின்றுபோன 1833-ல், விட்வொர்த் மான்செஸ்டருக்குத் திரும்பினார். நீராவி இன்ஜினின் சக்தியோடு சேர்த்து ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, லண்டனிலிருந்து வந்த கருவி செய்பவர் என்று போர்டு மாட்டினார். அந்தக் காலத்து ஸ்டார்ட்அப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூணு தட்டு, ஒரு தந்திரம்

லண்டனில் இருந்தபோதே அவர் தலையைக் குடைந்த கேள்வி: உண்மையிலேயே சமதளமான ஒரு இரும்புத் தட்டை எப்படிச் செய்வது?

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் தட்டு சமமாக இருக்கிறதா என்று பார்க்க, ஏற்கெனவே சமமான இன்னொரு தட்டு வேண்டும். அந்த முதல் தட்டு எங்கிருந்து வரும்? ரெண்டு தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் போதாது. ஒன்று லேசாகக் குழிந்தும் இன்னொன்று லேசாகப் புடைத்தும் இருந்தாலும் ரெண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும். பார்த்தால் சமம் மாதிரியே தெரியும்.

மூணாவது தட்டைக் கொண்டுவந்தால் ஏமாற்ற முடியாது. முதலாவதும் இரண்டாவதும் பொருந்தணும், இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தணும், மூன்றாவதும் முதலாவதும் பொருந்தணும். மூணு ஜோடியும் பொருந்த ஒரே வழி, மூணுமே சமமாக இருப்பதுதான். சாயம் பூசி ஒட்டிப் பார்த்து, எங்கே மேடு என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் கையால் சுரண்டிச் சுரண்டிச் சரிசெய்ய வேண்டும். எமரித் தூள் போட்டுத் தேய்க்கும் பழைய வழக்கத்தை அவர் கைவிட்டார். தேய்த்தால் எங்கே எவ்வளவு போகிறது என்பது நம் கையில் இருக்காது. இந்த முறையை 1840-ல் கிளாஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகள் மாநாட்டில் விளக்கினார். மாட்ஸ்லே பட்டறையிலேயே இந்தப் பழக்கம் இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், ஊருக்கே தெரியும்படி செய்து நாட்டு வழக்கமாக மாற்றியது விட்வொர்த்.

அளப்பதிலும் இதே வெறிதான். ஒரு இன்ச்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் அளவுக் கருவியைச் செய்தார். எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது, லேசர் கிடையாது. வெறும் மரைதான். ஒரு இன்ச்சுக்கு 20 மரை உள்ள ஒரு திருகு. அதைச் சுழற்ற 200 பல் உள்ள சக்கரம். அந்தச் சக்கரத்தைச் சுழற்ற 250 கோடு போட்ட இன்னொரு சக்கரம். 20-ஐ 200-ஆல் பெருக்கி, அதை 250-ஆல் பெருக்கினால் 10 லட்சம். ஒரு கோடு நகர்த்தினால் முனை இன்ச்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகரும். 1851-ல் லண்டனில் நடந்த பிரம்மாண்டக் கண்காட்சியில் அவர் வைத்த மெஷின்களைப் பார்த்த பிறகு, இங்கிலாந்தின் தலைசிறந்த கருவி உற்பத்தியாளர் யார் என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போனது.

1841: சராசரி எடுத்த மனிதர்

ஆனால் அவர் பெயர் நிலைத்தது அந்த அதிசயக் கருவிகளால் இல்லை. 1841-ல் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் அவர் வாசித்த ஒரு கட்டுரையால். மரை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கணும் என்பதுதான் அதன் சாரம்.

இப்படிச் சொல்வது புதுசு இல்லை. சிக்கல், யாருடைய மரையை எடுத்துக்கொள்வது? நீங்கள் ஆபீஸில் ரெண்டு டீமை ஒரே சாஃப்ட்வேருக்கு மாற்றப் பார்த்திருந்தால் இந்தச் சண்டை தெரிந்திருக்கும். நம்முடையதே சிறந்தது என்று ஒவ்வொருவரும் நிற்பார்கள். விட்வொர்த் தன் மரையே சிறந்தது என்று நிறுவப் போகவில்லை. பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். அளந்தார். சராசரி எடுத்தார். பள்ளத்தின் கோணம் சராசரியாக 55 டிகிரி வந்தது. அதையே வைத்துக்கொண்டார். எந்த விட்டத்துக்கு இன்ச்சுக்கு எத்தனை மரை என்றும் அட்டவணை போட்டார். கால் இன்ச் போல்ட்டுக்கு 20, அரை இன்ச்சுக்கு 12, ஒரு இன்ச்சுக்கு 8. மரையின் உச்சியையும் அடியையும் கூராக விடாமல் உருட்டி முடிக்கச் சொன்னார்.

இந்தச் சராசரிதான் அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. 55 டிகிரிக்குப் பின்னால் பெரிய இயற்பியல் எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பட்டறைக்கும் அது ரொம்ப அந்நியமாகவும் இல்லை. யாரும் தோற்கவில்லை, அதனால் யாரும் எதிர்க்கவில்லை. கூடவே அவர் வியாபாரியும்தான். அந்த மரையை வெட்டும் டேப், டை, அளந்து பார்க்கும் கேஜ் எல்லாம் அவர் பட்டறையிலேயே துல்லியமாகக் கிடைத்தன. ரயில் கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அரசாங்க உத்தரவு ஏதும் இல்லாமலேயே 1860 வாக்கில் பிரிட்டனின் பெரும்பாலான பட்டறைகள் விட்வொர்த் மரைக்கு மாறியிருந்தன.

வரைபட மேசையிலும் இதன் பலன் தெரிந்தது. இன்றைக்கு இன்ஜினியரிங் டிராயிங்கில் மரையை யாரும் சுருள் சுருளாக வரைவதில்லை. வெளிவிட்டத்துக்கு ஒரு தடித்த கோடு, உள்ளே ஒரு மெல்லிய கோடு, முனையிலிருந்து பார்த்தால் முக்கால் வட்டம். பக்கத்தில் எம்10 என்று எழுதிவிட்டால் முடிந்தது. கோணம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, உச்சி எப்படி என்று ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. படிப்பவருக்குத் தெரியும். முதல் செமஸ்டரில் இதை மனப்பாடம் செய்தபோது ஏன் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஊருக்கெல்லாம் ஒரே மரை என்று முடிவான பிறகுதான் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் போதும் என்ற நிலை வந்தது. அந்த நிலைக்கு முதலில் வந்த நாடு விட்வொர்த்தின் பிரிட்டன்.

90 இன்ஜின்கள், ஒரு போர்

மரையின் மதிப்பை அரசாங்கம் புரிந்துகொண்டது கிரீமியப் போரில். ரஷ்யாவுக்கு எதிரான அந்தப் போரில், ஆழம் குறைந்த கடலில் போகக்கூடிய சின்னப் பீரங்கிப் படகுகள் பிரிட்டிஷ் கடற்படைக்கு அவசரமாகத் தேவைப்பட்டன. சுமார் 90 செட் இன்ஜின்கள் வேண்டும், அதுவும் சில மாதங்களில். எந்த ஒரு பட்டறையாலும் முடியாத காரியம்.

பொறுப்பேற்ற ஜான் பென் என்ற இன்ஜினியர், மாதிரி இன்ஜினைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் வேறு வேறு பட்டறைகளுக்கு அனுப்பிச் செய்யச் சொன்னார். எல்லாப் பட்டறைகளிலும் ஒரே அளவுமுறை, ஒரே மரை. அதனால் எங்கெங்கோ செய்த பாகங்கள் வந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. சுமார் 90 நாளில் வேலை முடிந்ததாகப் பொறியியல் வரலாறு சொல்கிறது. 15 வருஷத்துக்கு முன்னால் இதே வேலையை இப்படிப் பிரித்துக் கொடுத்திருந்தால், வந்து சேர்ந்த போல்ட்டையும் நட்டையும் ஜோடி சேர்க்கவே போர் முடிந்திருக்கும்.

அவருக்கு இருந்த ஒரு பிடிவாதம்

இதே போர்தான் விட்வொர்த்தை வேறு பாதைக்கும் இழுத்தது. ராணுவத்துக்கு என்ஃபீல்டு துப்பாக்கி செய்ய மெஷின்கள் வடிவமைத்துத் தருமாறு 1854-ல் அவரைக் கேட்டார்கள். மெஷின் இருக்கட்டும், நல்ல துப்பாக்கிக் குழல் எப்படி இருக்கணும் என்று முதலில் கண்டுபிடிக்கணும் என்றார் அவர். மான்செஸ்டரில் தன் வீட்டுத் தோட்டத்தில் 500 கஜம் நீளத்துக்குச் சோதனைக் கூடம் கட்டினார். புயலில் அது சேதமாக, திரும்பவும் கட்டினார்.

கிடைத்தது அறுகோணக் குழல் உள்ள ஒரு துப்பாக்கி. விட்டம் 0.451 இன்ச். 1857-ல் நடந்த சோதனையில் என்ஃபீல்டை எல்லா வகையிலும் தோற்கடித்தது. அதே வருஷம், அதே என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்பு தடவிய தோட்டாதான் இந்தியச் சிப்பாய்களிடையே கலகத்துக்குப் பொறியாக இருந்தது என்பது நம் பள்ளிப் பாடம்.

ஆனாலும் ராணுவம் விட்வொர்த் துப்பாக்கியை எடுக்கவில்லை. விலை அதிகம், குழலில் சீக்கிரம் கரி படிகிறது, விட்டம் சிறியது என்று காரணம் சொன்னார்கள். 1860-ல் விம்பிள்டனில் நடந்த துப்பாக்கிச் சுடும் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா மகாராணி, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியை இயக்கி, 400 கஜத்தில் இலக்கின் நடுவிலேயே அடித்தார். பத்திரிகைகள் கொண்டாடின, ஆர்டர் வரவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படைகள் கொஞ்சம் வாங்கிப் போனார்கள். பீரங்கியிலும் வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கோடு வருஷக்கணக்கில் போட்டி போட்டார். அறிக்கைகள், கமிட்டிகள், மறு சோதனைகள். அதிலும் பெரிய ஆர்டர் கிடைக்கவில்லை.

மரையில் எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் சராசரியைத் தேடினவர், துப்பாக்கியில் யாராலும் மிஞ்ச முடியாத உச்சத்தைத் தேடினார். முதலாவது உலகம் முழுக்கப் போனது. இரண்டாவது இன்று மியூசியத்தில் இருக்கிறது.

பழகுவதற்கு எளிதான ஆளும் இல்லை. தான் சொன்னதே சரி என்று நிற்பவர் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஃபேனியும் அவரும் கடைசி வருஷங்களில் பிரிந்தே வாழ்ந்தார்கள். ஃபேனி 1870-ல் இறந்தார். அடுத்த வருஷம் விட்வொர்த் மறுமணம் செய்துகொண்டார். குழந்தைகள் இல்லை.

சேர்த்த பணத்தை என்ன செய்தார் என்பது முக்கியம். 1868-ல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து இளம் இன்ஜினியர்களுக்கு ஸ்காலர்ஷிப் ஏற்படுத்தினார். வருஷத்துக்கு 100 பவுண்டு, 30 பேருக்கு. புத்தக அறிவும் வேண்டும், கையால் வேலை செய்யவும் தெரியணும் என்பது நிபந்தனை. நாலு வருஷப் படிப்பில் லேத்தை நாலு தடவை மட்டும் தொட்டவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும். அந்த ஸ்காலர்ஷிப் இன்றும் தொடர்கிறது. 1869-ல் பாரோனெட் பட்டம் கிடைத்தது. 1887 ஜனவரி 22 அன்று, உடல்நலத்துக்காகப் போயிருந்த மான்டி கார்லோவில் 83 வயதில் இறந்தார். மான்செஸ்டரின் விட்வொர்த் ஆர்ட் கேலரியும், கிறிஸ்டி புற்றுநோய் மருத்துவமனையின் ஆரம்பமும் அவர் விட்டுப்போன பணத்தால் வந்தவை. அவர் கம்பெனி 1897-ல் பழைய எதிரி ஆம்ஸ்ட்ராங்கின் கம்பெனியோடேயே இணைந்தது.

60 டிகிரி எப்படி ஜெயித்தது?

சரி, இவ்வளவு பரவின மரை இன்று ஏன் கல்லூரிப் பாடத்தில் பழைய கதையாக இருக்கிறது?

1864-ல், விட்வொர்த் உயிரோடு இருக்கும்போதே, ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு மரையை முன்வைத்தார். கோணம் 60 டிகிரி, உச்சி தட்டை. அவர் வாதம் எளிமையானது. விட்வொர்த் மரையின் உருண்டையான உச்சியையும் அடியையும் வெட்டத் தேர்ந்த கையும் பல வகைக் கட்டிங் டூல்களும் வேண்டும். தட்டையான உச்சியைச் சாதாரண மெக்கானிக்கே வெட்டிவிடலாம். 60 டிகிரியை அளந்து சரிபார்ப்பதும் எளிது. தேர்ந்த தொழிலாளிகளுக்குப் பஞ்சம் இருந்த அமெரிக்காவுக்கு அது பிடித்துப்போனது.

விளைவு, ஆங்கிலம் பேசும் ரெண்டு பெரிய தொழில் நாடுகள், ரெண்டு மரை. அதிலும் குழப்பமான ரெண்டு மரை. கால் இன்ச் போல்ட் ரெண்டிலும் இன்ச்சுக்கு 20 மரை, கிட்டத்தட்டச் சேர்ந்துவிடும். அரை இன்ச்சில் விட்வொர்த்துக்கு 12, அமெரிக்காவுக்கு 13. கொஞ்ச தூரம் திருகி, இறுகி, மரை கெட்டுவிடும். இரண்டாம் உலகப் போரில் ஒரே பக்கம் நின்று சண்டை போட்ட ராணுவங்கள், ஒருவர் வண்டிக்கு இன்னொருவர் போல்ட்டைப் போட முடியாமல் ரெண்டு வகை ஸ்பேரையும் கடல் கடந்து சுமந்தார்கள். இந்தப் பாடத்துக்குப் பிறகு 1948 நவம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூணும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. அது 60 டிகிரி. இன்று நாம் பயன்படுத்தும் மெட்ரிக் மரையும் 60 டிகிரிதான். 1965-ல் பிரிட்டிஷ் தொழில்துறை மெட்ரிக்குக்கு மாறும் முடிவு வந்தபோது, புதிய வடிவமைப்புகளில் விட்வொர்த் மரை வேண்டாம் என்று பிரிட்டனே சொல்லிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்வொர்த் சொன்னது சரி. மரையின் அடி கூராக இருந்தால் அங்கேதான் அழுத்தம் குவியும், அங்கேதான் விரிசல் ஆரம்பிக்கும். உருட்டிய அடி நீண்ட நாள் உழைக்கும். அதிர்வு அதிகமுள்ள இடங்களுக்கான பிற்கால மரைகளில் அடியை மறுபடி உருட்ட வேண்டி வந்தது.

இன்னும் எங்கெல்லாம் இருக்கிறார்?

பிரிட்டனிலிருந்து வந்திறங்கிய ரயில் இன்ஜின்களோடும் மில் மெஷின்களோடும் விட்வொர்த் மரையும் இந்தியாவுக்கு வந்தது. ரெண்டு நூல், மூணு நூல் என்று போல்ட் கேட்கும் பழக்கம் நம் ஹார்டுவேர் கடைகளில் இன்னும் போகவில்லை. ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, ரெண்டு நூல் என்றால் கால் இன்ச். பழைய புல்லட் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் அவர்களுக்கு ஏன் முழுசாக உதவாது என்று சொல்வார்கள்.

உங்கள் கேமரா டிரைபாடின் தலையில் உள்ள திருகும் கால் இன்ச், இன்ச்சுக்கு 20 மரை. விட்வொர்த் அட்டவணையில் இருந்து கேமராவுக்குப் போனது அது. இன்று அமெரிக்க வடிவத்தில் செய்தாலும் பழைய கேமராவில் பெரும்பாலும் சேர்ந்துவிடுகிறது.

ஆனால் அவர் முழு உரிமையோடு ஆள்வது தண்ணீர்க் குழாயில்தான். குழாய் சுவருக்குள் புதைந்திருக்கிறது. போல்ட்டை மாற்றுவது போல ஒரு நாட்டின் சுவர்களை எல்லாம் உடைத்து மாற்ற முடியாது. அதனால் மெட்ரிக் பேசும் ஜெர்மனியும் ஜப்பானும்கூட குழாய்க்கு மட்டும் 55 டிகிரியையும் இன்ச் கணக்கையும் அப்படியே வைத்துக்கொண்டன. இந்தியத் தர நிர்ணயமும் அதுவே. ஆரம்பத்தில் பார்த்த அரை இன்ச் குழப்பமும் இங்கிருந்து வந்ததுதான். அந்தப் பெயர் பழைய இரும்புக் குழாயின் உள்விட்டத்தைக் குறித்தது. பிறகு குழாயின் சுவர் மெலிந்தது. மரை போட வேண்டிய வெளிவிட்டத்தை மட்டும் யாரும் தொட முடியவில்லை.

அமெரிக்கா மட்டும் குழாயிலும் தனி வழி. அங்கே 60 டிகிரி, என்பிடி என்று பெயர். ஆன்லைனில் இம்போர்ட்டட் ஃபில்டர், காபி மெஷின், ஷவர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அரை இன்ச்சில் ரெண்டுக்குமே இன்ச்சுக்கு 14 மரைதான், அதனால் முதல் சில சுற்று சுகமாகத் திரும்பும். சேர்ந்துவிட்டது என்று நினைப்போம். அடுத்த நாள் காலையில் சுவரோரம் ஈரமாக இருக்கும். டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் 55-க்கும் 60-க்கும் நடுவில் உள்ள இடைவெளி முழுசாக அடைபடாது. வாங்கும் முன் பெட்டியில் பிஎஸ்பி என்று இருக்கிறதா, என்பிடி என்று இருக்கிறதா பாருங்கள். என்பிடி என்றால் அதற்கு அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது, அதையும் சேர்த்து ஆர்டர் போட்டுவிடுங்கள்.